அழைக்கப்பட்டவர் யார்? தீவகக் கிறிஸ்தவரின் நானூறு ஆண்டுகள்

யாழ்ப்பாண நகரிலிருந்து பண்ணைப் பாலத்தால் மேற்கே போகும் வீதி, மண்டைதீவுச் சந்தி, அல்லைப்பிட்டி, மண்கும்பான் என்று ஒவ்வோர் ஊராகக் கடந்து வேலணைக்குள் நுழைகிறது. அந்த வழியில் தெற்குக் கரையோரம் இருப்பது சாட்டி. உவர்நீர்க் கிணறுகள் மலிந்த தீவகத்தில் நல்ல தண்ணீருக்குப் பெயர்பெற்ற ஊர் இது. மணலுக்கடியில் தேங்கும் மழைநீர் சாட்டிக் கிணறுகளில் ஊறி, சுற்றியுள்ள தீவு ஊர்களுக்கும் குடிநீராகப் போகிறது. கடலோடிகளும் மீனவரும் பயணக் காவலுக்காக வேண்டும் சிந்தாத்திரை அன்னையின் திருத்தலமும் இங்கேதான் உள்ளது. அயலூரான மண்கும்பானில் வெள்ளைப்புற்றடிப் பிள்ளையார் கோயில். இன்னும் மேற்கே படகேறினால் நயினாதீவு. அங்கே நாகபூசணி அம்மன் கோயிலும் நாகதீப விகாரையும் ஒரே கரையில் நிற்கின்றன.

இப்படிப் பல வழிபாடுகள் நெருங்கி வாழும் நிலத்தில் ஞானஸ்நானம் பெற்ற ஒருவர் எதற்கு அழைக்கப்படுகிறார்? சேவை செய்யவும் நற்செய்தியைச் சொல்லவும் என்று மறைக்கல்விப் புத்தகம் ஒரே மூச்சில் பதில் தரும். தீவகத்தின் வரலாற்றில் அந்த இரண்டும் அவ்வளவு எளிதாகச் சேர்ந்து வரவில்லை. சில காலங்களில் சேவை நற்செய்திக்கான தூண்டிலாகப் பயன்பட்டது. சில காலங்களில் நற்செய்தி அரச கட்டளையோடு வந்தது. வாய் திறந்து போதிக்க வழியே இல்லாத காலமும் இருந்தது; ஆழமாக வேரூன்றியது அந்தக் காலத்தில் விதைக்கப்பட்டதுதான். இந்த நானூறு ஆண்டுகளைச் சேர்த்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது: அதிகாரம் கையில் இருந்தபோது திருச்சபைக்குக் கிடைத்தவை பெரும்பாலும் பெயர்ப் பதிவுகள். அதிகாரம் கைவிட்டுப் போனபோதுதான் தங்கள் அழைப்பைத் தாங்களே சுமந்த மனிதர்கள் கிடைத்தார்கள்.

தொடக்கமே இரண்டு முகம் கொண்டது. 1544இல் மன்னார்க் கரையின் எளிய மக்கள் பிரான்சிஸ் சவேரியாரிடம் ஆளனுப்பி, தங்களுக்கும் ஞானஸ்நானம் வேண்டும் என்றார்கள். அவரால் வர முடியவில்லை; தமக்குப் பதிலாக ஒரு குருவை அனுப்பினார். செய்தி யாழ்ப்பாணத்து அரசன் சங்கிலிக்கு எட்டியது. ஏறத்தாழ 600 பேர் கொல்லப்பட்டனர். அவர்களுக்குப் பின்னால் படையும் இல்லை, கோட்டையும் இல்லை. மன்னாரில் தோட்டவெளி ஆலயம் இன்றும் அவர்களை நினைவுகூர்கிறது. அவர்களுள் பெரும்பாலோர் பெயர் எவருக்கும் தெரியாது.

1619இல் போர்த்துக்கேயத் தளபதி பிலிப் தெ ஒலிவேரா யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றியபோது காட்சி தலைகீழானது. நல்லூர்க் கந்தசுவாமி கோயில் இடிக்கப்பட்டது. வேறு பல கோயில்களும் விழுந்தன. பிரான்சிஸ்கன் குருக்களும் அவர்களைத் தொடர்ந்து இயேசு சபையினரும் ஊர் ஊராக ஆலயம் எழுப்பினார்கள். தீவுகளும் அவர்களுடைய பங்குகளாயின. விரதத்துக்குச் சோறு படைத்த வாழையிலையை அதிகாரிகள் கண்ணில் படாதபடி கூரையில் செருகி ஒளித்த கதை சைவ வீடுகளில் வழிவழியாகச் சொல்லப்படுகிறது. இதைக் கிறிஸ்தவர்கள் மறக்கக் கூடாது. அயலவரிடம் நற்செய்தி பேசப் போகிறவர், அந்த வீட்டின் நினைவில் தன் சமயம் எந்த உருவில் பதிந்திருக்கிறது என்பதை அறிந்துகொண்டுதான் படலையைத் திறக்க வேண்டும்.

ஆனாலும் அந்தக் காலத்தையும் முழுக்க வாளின் காலம் என்று ஒதுக்கிவிட முடியாது. தெல்லிப்பளைப் பேதுருப் புலவர் 1647இல் கிளாலி ஆலயத்துப் புனித யாகப்பர் மேல் ‘சந்தியோகுமையோர் அம்மானை’யைப் பாடினார். வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு புனிதரை இந்த மண்ணின் பாட்டுக்குள் கொண்டுவந்தவர் ஓர் உள்ளூர்ப் புலவர். இது எந்தக் கட்டளைக்கும் பணிந்து பிறந்த பாட்டாகத் தோன்றவில்லை.

1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணக் கோட்டையைப் பிடித்தார்கள். அதோடு உண்மையான சோதனை தொடங்கியது. கத்தோலிக்க வழிபாடு தடைசெய்யப்பட்டது. குருவானவருக்கு அடைக்கலம் கொடுப்பவருக்கு மரண தண்டனை என்று அறிவித்தல் வந்தது. குருக்கள் நாடு கடத்தப்பட்டார்கள். ஆலயங்களைப் புரட்டஸ்தாந்துச் சபை எடுத்துக்கொண்டது. தீவுகளுக்குக்கூட ஒல்லாந்து நகரங்களின் பெயர்கள் விழுந்தன: வேலணை லைடன் ஆயிற்று, நெடுந்தீவு டெல்ஃப்ட் ஆயிற்று, புங்குடுதீவு மிடில்பேர்க் ஆயிற்று.

1658 முதல் 1665 வரை யாழ்ப்பாணத்தில் போதகராக இருந்த பிலிப்பஸ் பால்தேயஸ் ஊர் ஊராகப் போய் ஆலயங்களையும் அவற்றோடு ஒட்டிய பள்ளிகளையும் கணக்கெடுத்தார். 1672இல் அச்சான அவருடைய பெருநூலில் அந்த விவரங்கள் இருக்கின்றன. அவர் கடமையுணர்வு உள்ளவர், தமிழ் கற்றார், வேதாகமத்தைத் தமிழில் தரவும் முயன்றார். ஆனால் அவர் பணியாற்றிய அமைப்பு எப்படிப்பட்டது? அரச உத்தியோகம் வேண்டுமா, ஞானஸ்நானம் பெற வேண்டும். கலியாணம் சட்டப்படி செல்ல வேண்டுமா, ஆலயத்தில் பதிய வேண்டும். பிள்ளைக்குச் சொத்துரிமை வேண்டுமா, அதற்கும் அதே பதிவேடு. ஆயிரக்கணக்கானோர் பதிந்தார்கள். பதிந்துவிட்டு வீட்டில் விபூதி பூசினார்கள்.

மறுபக்கத்தில் கரையூர்களின் கத்தோலிக்கருக்குக் குருவும் இல்லை, பூசையும் இல்லை. ஏறத்தாழ 30 ஆண்டுகள் இப்படியே கழிந்தன. செபமாலையும் மனப்பாடமான மன்றாட்டுகளும் தாய்மார் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்த மந்திரங்களும் மட்டுமே மிச்சம்.

1687இல் கோவாவிலிருந்து யோசேப் வாஸ் வந்தார். 36 வயது. குருவுக்குரிய அங்கி இல்லை. கந்தல் உடுத்த பிச்சைக்காரர் கோலம். உடன் வந்தவர் ஜான் என்ற இளைஞர் ஒருவரே. கடற்பயணத்திலேயே வயிற்றுக்கடுப்பு நோய் பிடித்து, யாழ்ப்பாணத்தில் சாகக் கிடந்தார். எழுந்து நடக்க முடிந்ததும் கழுத்தில் செபமாலையைத் தொங்கவிட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டார். அந்த மாலையைக் கண்டு எந்த வீட்டில் முகம் மாறுகிறது என்று பார்ப்பதுதான் அவர் கையாண்ட வழி. நம்பிக்கையான குடும்பங்கள் தெரிந்த பிறகு சில்லாலையைத் தங்குமிடமாக்கி, இரவில் பூசை வைத்து, விடியுமுன் அடுத்த ஊருக்குப் போனார். 1689 நத்தார் இரவில் ஒல்லாந்த வீரர்கள் புகுந்து ஏறத்தாழ 300 பேரைப் பிடித்தார்கள். சிலர் கசையடி பட்டார்கள். சிலர் கடூழியத்துக்கு அனுப்பப்பட்டார்கள். வாஸ் அகப்படவில்லை. பிறகு புத்தளத்துக்கும் 1692இல் கண்டிக்கும் போனார். அங்கே போர்த்துக்கேய உளவாளி என்று சிறைவைக்கப்பட்டார். 1697இல் கண்டியில் அம்மை பரவி, நோயாளிகளை உறவினரே காட்டோரம் விட்டுப் போனபோது, சமயம் பாராமல் அவர்களைக் கழுவி, உணவூட்டி, இறந்தவரைப் புதைத்தார். 1711 ஜனவரி 16இல் கண்டியிலேயே மரித்தார். 2015 ஜனவரி 14 அன்று கொழும்பு காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக உயர்த்தினார்.

வாஸ் பற்றிப் பேசுவோர் அவருடைய வீரத்தைச் சொல்வார்கள். அதைவிட நீடித்த பலன் தந்தது அவர் உண்டாக்கிவிட்டுப் போன ஒழுங்கு. ஒவ்வோர் ஊரிலும் மூப்பர் ஒருவரையும் அண்ணாவியார் ஒருவரையும் அவர் நியமித்தார். மூப்பர் ஆலய காரியங்களைப் பார்த்துக்கொண்டார். அண்ணாவியார் ஞாயிறுதோறும் செபம் நடத்தினார், பிள்ளைகளுக்கு மந்திரம் சொல்லிக்கொடுத்தார், சாகக் கிடப்பவர் பக்கத்தில் இருந்தார், அவசரத்துக்கு ஞானஸ்நானமும் கொடுத்தார். குருவானவர் ஆண்டுக்கு ஒருமுறை வந்தாலும் வராவிட்டாலும் ஊர் நின்றது. 1705இல் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அவர்கள் கையில் புத்தகங்களையும் கொடுத்தார். தமிழ் கற்ற அந்தக் கோவாக் குருவின் ‘வியாகுலப் பிரசங்கம்’ தவக்காலத்தில் ஆலயங்களில் வாசிக்கப்படும் நூலாயிற்று. குரு இல்லாத ஊரிலும் எழுத்தறிந்த ஒருவர் நின்று வாசித்தால் போதும், கேட்பவர்கள் அழுதார்கள்.

ஞானஸ்நானம் பெற்ற ஒவ்வொருவருக்கும் திருத்தூதுப் பணியில் பங்குண்டு என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் பொதுநிலையினர் பற்றிய ஏட்டில் எழுதியது. உலகம் அதைப் புதுமை என்று வரவேற்றது. ஈழத்துக் கரையூர்களின் அண்ணாவிமார் ஏறத்தாழ 300 ஆண்டுகளுக்கு முன்பே அதைச் செய்துகொண்டிருந்தார்கள்.

1796இல் ஒல்லாந்தர் ஆட்சி முடிந்தது. 1806இல் ஆங்கிலத் தேசாதிபதி மெயிற்லண்ட் கத்தோலிக்கர் மீதிருந்த தடைகளை நீக்கினார். அப்போது கணக்கு வெளிச்சத்துக்கு வந்தது. 138 ஆண்டுகள் பள்ளியும் பதிவேடும் உத்தியோகமும் கொடுத்து வளர்த்த சபை, அரசு கையை எடுத்ததும் சில ஆண்டுகளிலேயே கரைந்தது. பெரிய கல் ஆலயங்கள் ஆளின்றிப் பாழடைந்தன. தடைசெய்யப்பட்டவர்களோ அங்கேயே இருந்தார்கள். புரட்டஸ்தாந்து நம்பிக்கை தரம் குறைந்தது என்று இதிலிருந்து முடிவுகட்டுவது தவறு. இலங்கையில் பிறந்து ஒல்லாந்துச் சபையில் குருப்பட்டம் பெற்ற பிலிப்பு தெ மெல்லோ 1759இல் வெளியிட்ட தமிழ்ப் புதிய ஏற்பாடு அந்தச் சபையின் உண்மையான கொடை. தவறு இருந்தது சமயத்தோடு சலுகையைக் கட்டிய முறையில்தான். கத்தோலிக்க அரசு ஆண்ட 1619க்குப் பிந்திய 40 ஆண்டுகளிலும் அதே முறைதான் இருந்தது. துன்பம் வந்து சலித்தெடுத்த பிறகு மிஞ்சியவர்களே பின்னாளின் திருச்சபை.

1816இல் அமெரிக்க மிஷனரிமார் தெல்லிப்பளையில் வந்து இறங்கியபோது கதை வேறு தளத்துக்கு மாறியது. அவர்களிடம் வாள் இல்லை; பள்ளியும் அச்சகமும் மருந்துப் பெட்டியும் இருந்தன. 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரி, 1824இல் உடுவில் பெண்கள் பாடசாலை. அவற்றில் படித்த தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்களுக்கென ஒரு சுவிசேஷ சங்கம் அமைத்து, தங்கள் காசிலேயே நெடுந்தீவு போன்ற தீவுகளுக்கு ஊழியரை அனுப்பினார்கள். உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைப் புறம்பாக எடுத்துவைக்கும் பெண்களும், ஒரு மரத்தின் பலனைச் சபைக்கென்று நேர்ந்துவிட்ட குடும்பங்களும் அந்த ஊழியத்தைத் தாங்கினார்கள். பாய்க்கப்பலில் கடல் கடந்து வந்த வெள்ளைக்காரர் பெயர்கள் புத்தகங்களில் இருக்கின்றன. பிடி அரிசி எடுத்துவைத்த பெண்கள் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

சேவையா, சமய மாற்றமா என்ற கேள்வி முழு வலிமையோடு எழுந்ததும் அந்தப் பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான். அதை எழுப்பியவர் ஆறுமுக நாவலர். அவர் வெளியே நின்று கல்லெறிந்தவர் அல்லர். வெஸ்லியன் மிஷனின் பேர்சிவல் பாதிரியாரோடு இருந்து வேதாகம மொழிபெயர்ப்புக்கு உழைத்தவர். கிறிஸ்தவத்தை உள்ளிருந்து அறிந்தவர். 1847 டிசம்பர் 31 அன்று வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் சைவப் பிரசங்கங்களைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். கல்விக்காகவும் உத்தியோகத்துக்காகவும் சம்பளத்துக்காகவும் சமயம் மாறுவது சமயமே ஆகாது என்பது அவர் வாதம். அந்த வாதத்தில் பாதிக்கு மேல் உண்மை இருந்தது. ஒல்லாந்தர் காலத்துப் பதிவேடுகளே அதற்குச் சாட்சி. நேர்மையான கிறிஸ்தவர் நாவலரை எதிரியாக மட்டும் வாசிப்பதில்லை. தம் ஊழியத்தைச் சோதித்துப் பார்க்கும் உரைகல்லாகவும் வாசிக்கிறார்.

அந்தச் சோதனையில் நிற்கக்கூடியவர்களும் இருந்தார்கள். டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் வந்து மானிப்பாயில் மருத்துவமனை நடத்தினார். மேலைநாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பிக்க முடியும் என்று நம்பினார். 60க்கும் மேற்பட்ட மருத்துவர்களைப் பயிற்றினார். ‘இரணவைத்தியம்’, ‘மனுஷ அங்காதிபாதம்’ முதலிய நூல்களைத் தமிழில் கொண்டுவந்தார். கட்டிலில் கிடந்த சைவரையும் கிறிஸ்தவரையும் ஒரே கையால் தொட்டார். ஊர் திரும்பி 1884இல் இறந்தபோது, தமிழருக்கு மருத்துவ ஊழியனாக வந்த சுவிசேஷகன் என்ற பொருளில் கல்லறையில் எழுதும்படி கேட்டிருந்தார். அவருக்குச் சேவையும் நற்செய்தியும் இரண்டு வேலைகளாக இருந்ததில்லை. அவரிடம் மருந்து வாங்கியவர்களில் பெரும்பாலோர் சைவராகவே வீடு திரும்பினார்கள். அதற்காக அவர் மருந்தைக் குறைக்கவில்லை.

கத்தோலிக்கரிடையே 1847இல் வந்த அமலமரித் தியாகிகள் சபையினரும் 1862இல் வந்த திருக்குடும்பக் கன்னியரும் பள்ளிகளையும் அநாதை இல்லங்களையும் வளர்த்தார்கள். 1876இல் ‘பாதுகாவலன்’ பத்திரிகை பிறந்தது. தீவகத்தில் ஊர்காவற்றுறையும் கரம்பொன்னும் பள்ளி ஊர்களாயின.

ஒன்றை மட்டும் இந்தப் பள்ளிகளும் ஆலயங்களும் எளிதில் வெல்லவில்லை. அது சாதி. கத்தோலிக்கம் பெரும்பாலும் கரையோரக் கடற்றொழில் சமூகங்களில் வளர்ந்தது. அமெரிக்க மிஷன் பெரும்பாலும் வெள்ளாளரிடையே ஆள் தேடியது. ஒரே கர்த்தருடைய மேசைக்கு வந்தவர்கள் தனித்தனி இருக்கையில் இருந்த காலம் உண்டு. 1924இல் எழுந்த யாழ்ப்பாண மாணவர் காங்கிரசின் முன்னணியில் ஹன்டி பேரின்பநாயகம் என்ற கிறிஸ்தவ ஆசிரியர் நின்றார். அந்த இயக்கமும் அதன் காலத்து மற்றச் சீர்திருத்தக்காரரும் சம ஆசனத்துக்கும் சம போசனத்துக்கும் போராடியபோது எதிர்த்தவர்களில் கிறிஸ்தவர்களும் இருந்தார்கள். பலருக்கும் கிறிஸ்தவ அடையாளம் பெயரளவில் மட்டுமே ஏறியிருந்தது, பந்தியில் ஏறவில்லை. அழைப்பைப் பற்றிய எந்தப் பேச்சும் இந்தக் காயத்தைத் தொடாமல் நேர்மையாக இருக்க முடியாது.

1960இலும் 1961இலும் வந்த சட்டங்களால் உதவி பெறும் பள்ளிகளில் பெரும்பாலானவை அரசின் கைக்குப் போயின. நூற்றைம்பது ஆண்டுக் கல்வி ஊழியத்தின் முதுகெலும்பு உடைந்தது என்று அன்று பலர் அழுதார்கள். நீண்ட நோக்கில் பார்த்தால், பள்ளி அனுமதியோடும் ஆசிரிய நியமனத்தோடும் ஒட்டிக்கொண்டிருந்த செல்வாக்கு கழன்று போனது ஒரு விடுதலையும்கூட.

இந்த இடத்தில் கரம்பொன்னின் மகன் ஒருவரிடம் வர வேண்டும். சேவியர் தனிநாயகம் அடிகளார் 1913 ஆகஸ்ட் 2 அன்று அங்கே பிறந்தார். ஊர்காவற்றுறை அந்தோனியார் கல்லூரியிலும் யாழ்ப்பாணம் பத்திரிசியார் கல்லூரியிலும் படித்து, உரோமையில் 1938இல் குருவானார். திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்தில் ஆசிரியராக இருந்தபோதுதான் தமிழ் இலக்கியத்தை முறையாகக் கற்றார். பிறகு அண்ணாமலைப் பல்கலைக்கழகம். 1952இல் ‘தமிழ் கல்ச்சர்’ என்ற ஆங்கில ஆய்விதழ். 1964இல் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் உருவானதற்கும் 1966இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாடு கூடியதற்கும் முதல் உந்துதல் அவருடையது. ஐரோப்பிய நூலகங்களில் தமிழின் முதல் அச்சு நூல்களைத் தேடி உலகுக்குக் காட்டியவர்களில் அவரும் ஒருவர்.

அவர் யாரைச் சமயம் மாற்றினார்? இந்தக் கேள்வியை அவர் காலத்துச் சில கிறிஸ்தவர்களே கேட்டிருக்கக்கூடும். அதே மறைமாவட்டத்தில் அவருக்கு முந்திய தலைமுறையின் சுவாமி ஞானப்பிரகாசர் நேர்மாறான பாதையில் நடந்தார். 1875இல் மானிப்பாயில் சைவக் குடும்பத்தில் பிறந்து குருவான ஞானப்பிரகாசர், நல்லூரில் இருந்துகொண்டு ஊர் ஊராகப் போதித்தார். பலருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். சைவப் பண்டிதர்களோடு வாதிட்டார். கூடவே மொழியாராய்ச்சியும் வரலாறும் எழுதினார். 1928இல் வந்த ‘யாழ்ப்பாண வைபவ விமர்சனம்’ இன்றும் ஆய்வாளர் தொடும் நூல். தனிநாயகம் அடிகளாரோ ஒரு முழு மக்களின் மொழிக்கு ஊழியம் செய்வதையே தன் குருத்துவமாக வாழ்ந்தார். இருவரில் யார் அழைப்புக்கு உண்மையாக இருந்தார் என்று தராசு பிடிக்கத் தேவையில்லை. சொல்லாமல் விட்டால் நற்செய்தி யாருக்கும் கேட்காது என்பதை ஞானப்பிரகாசர் நினைவூட்டுகிறார். கைமாறு கருதாத அன்பு தானே பேசும் என்பதை அடிகளார் நினைவூட்டுகிறார். அடிகளாரின் பெயரைச் சைவரும் முஸ்லிம்களும் நாத்திகரும் மரியாதையோடு சொல்கிறார்கள். அந்த மரியாதை அவருடைய குருத்துவத்தை விட்டுவிட்டு வந்ததும் இல்லை.

புரட்டஸ்தாந்துப் பக்கத்திலும் இந்தத் தேடல் நடந்தது. 1947இல் தென்னிந்தியத் திருச்சபையின் யாழ்ப்பாண ஆதீனத்துக்கு முதல் பேராயராக வந்த சபாபதி குலேந்திரன், இறையருள் என்ற கருத்தைக் கிறிஸ்தவத்திலும் இந்து சமயத்திலும் ஒப்பிட்டு ஒரு பெருநூல் எழுதினார். சைவ சித்தாந்தத்தில் அருள் எங்கே நிற்கிறது என்று முதலில் கற்று, அதன் பிறகே கிறிஸ்துவில் தான் கண்டதைச் சொன்னார். தெல்லிப்பளையில் 1908இல் பிறந்த மெதடிஸ்த போதகர் டி. டி. நைல்ஸ், 1948இல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய உலகத் திருச்சபைகள் மன்றத்தின் முதல் பேரவையில் தொடக்கப் பிரசங்கம் செய்தவர். நற்செய்தி சொல்பவர் கொடுக்கும் இடத்தில் நிற்பவர் இல்லை, அவரும் பசியோடு வாங்க வந்தவரே என்பது அவருடைய போதனையின் சாரம். யோசேப் வாஸ் பிச்சைக்காரராக வந்த மண்ணில் பிறந்தவருக்கு அந்த எண்ணம் எட்டியது பொருத்தம்தான்.

பிறகு போர் வந்தது. 1985 மே 15இல் நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகில் குறைந்தது 23 பேர் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். 1990இலிருந்து தீவகம் வெறுமையாகத் தொடங்கியது. பூட்டிய வீடுகள், கூரை விழுந்த ஆலயங்கள், ஆளில்லாத பனங்கூடல்கள். இந்தக் காலத்தில் அழைப்பு என்றால் என்ன என்பதற்குச் சாட்டிக்குக் கிழக்கே சில கிலோமீற்றரில் இருக்கும் அல்லைப்பிட்டி விடை சொல்கிறது.

அல்லைப்பிட்டி ஆலயத்தின் பாதுகாவலர் புனித பிலிப்பு நேரி. வாஸ் அடிகளார் சேர்ந்திருந்த ஒரட்டோரியச் சபையின் தந்தை அவர். 2006 மே 13 இரவு அல்லைப்பிட்டியிலும் அயலூர்களிலும் 13 பொதுமக்கள் கொல்லப்பட்டார்கள். யூலையில் அந்தப் பங்குக்கு 34 வயதான திருச்செல்வம் நிகால் ஜிம் பிரவுண் அடிகளார் பொறுப்பேற்றார். ஆகஸ்டில் சண்டை மூண்டபோது ஊர்மக்கள் ஆலயத்துக்குள் ஓடி வந்தார்கள். ஆகஸ்ட் 13 அதிகாலையில் எறிகணைகள் ஆலயத்தைத் தாக்கின. குறைந்தது 15 பேர் இறந்தார்கள்; பலர் காயப்பட்டார்கள். அடிகளார் காயப்பட்டவர்களை மருத்துவமனைக்கு அனுப்பப் போராடினார். வெள்ளைக் கொடியோடு மிச்சமிருந்த மக்களை ஊர்காவற்றுறைப் புனித மரியாள் ஆலயத்துக்கு அழைத்துச் சென்றார். அந்த ஊர்வலத்தில் யார் கத்தோலிக்கர், யார் சைவர் என்று யாரும் பிரிக்கவில்லை.

ஒரு வாரம் கழித்து, ஆகஸ்ட் 20 ஞாயிற்றுக்கிழமை, ஐந்து பிள்ளைகளின் தந்தையான பங்கு ஊழியர் ஒருவரோடு மோட்டார் சைக்கிளில் அல்லைப்பிட்டிக்குப் போனார். கடற்படைச் சோதனைச்சாவடிப் பகுதியில் இருவரும் கடைசியாகக் காணப்பட்டார்கள். தாங்கள் தடுத்துவைக்கவில்லை என்று கடற்படை சொன்னது. யாழ். ஆயராக இருந்த தோமஸ் சவுந்தரநாயகம் ஆண்டகை கேட்டார், மனித உரிமை அமைப்புகள் கேட்டன, பதில் கிடைக்கவில்லை. ஒரு குரு மட்டும் போகவில்லை, ஒரு குடும்பத்தலைவரும் கூடவே போனார் என்பதை எழுதுவோர் பல தடவை விட்டுவிடுகிறார்கள். வாஸ் காலத்து மூப்பரின் இடத்தில் நின்றவர் அவர். ஆபத்தில் கூடப் போவதும் அழைப்புத்தான்.

போர் ஓயுமுன்னரே இன்னொரு முனையில் சட்டம் இந்தக் கேள்வியைத் தொட்டிருந்தது. 1978 அரசியலமைப்பின் 9ஆம் உறுப்புரை பௌத்தத்துக்கு முதலிடம் தருகிறது. 14ஆம் உறுப்புரை சமயத்தை வழிபாட்டாலும் போதனையாலும் வெளிப்படுத்தும் உரிமையைத் தருகிறது. ஆனால் பரப்பும் உரிமை என்ற வாசகம் அதில் இல்லை. 2003இல் மென்சிங்கன் திருச்சிலுவைக் கன்னியர் சபையைச் சட்டப்படி இணைக்கும் மசோதா உயர் நீதிமன்றத்தின் முன் வந்தது. போதிப்பதும் ஏழைகளுக்குப் பொருள் உதவி செய்வதும் ஒரே அமைப்பின் நோக்கங்களாக இருப்பது மன்றத்தை உறுத்தியது. சமயத்தைப் பரப்புவது அடிப்படை உரிமை அல்ல என்று அது முடிவு செய்தது. 2005இல் ஐக்கிய நாடுகளின் மனித உரிமைகள் குழு, கன்னியரின் சமய சுதந்திரம் மீறப்பட்டதாகக் கருத்துரைத்தது. மறு ஆண்டே வேறொரு வழக்கில், அத்தகைய கருத்துரைகள் இலங்கைக்குள் சட்ட வலிமை உடையவை அல்ல என்று உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது.

கடலுக்கு அப்பால் இந்திய அரசியலமைப்பின் 25ஆம் உறுப்பு பரப்பும் உரிமையை வெளிப்படையாகவே தருகிறது. ஆயினும் 1977இல் ஸ்டானிஸ்லாஸ் வழக்கில், பிறரை மாற்றும் உரிமை அதில் அடங்காது என்று உச்ச நீதிமன்றம் கூறியது. தமிழ்நாட்டில் 2002இல் கட்டாய மதமாற்றத் தடை அவசரச் சட்டம் வந்தது, 2004இல் விலக்கிக்கொள்ளப்பட்டது.

கன்னியர் வழக்கில் நீதிமன்றம் நாவலரின் ஐயத்தைச் சட்ட மொழியில் திரும்பச் சொன்னது என்றே கொள்ளலாம். முடிவு அநீதியானது. நோயாளிக்குக் கஞ்சி கொடுப்பவர் தன் நம்பிக்கையைப் பற்றி வாய் திறக்கக் கூடாது என்றால் அது சுதந்திரம் இல்லை. ஆனால் ஐயம் வானத்திலிருந்து விழவில்லை. போருக்குப் பின் வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் சிறு சபைகள் பெருகின. அவற்றில் பல, வீடிழந்தவர்களோடும் விதவைகளோடும் உண்மையான பாசத்தோடு இருந்தவை. இரவு பகல் பாராமல் செபித்தவை. வேறு சில உதவிப் பொதியையும் ஆராதனை வரவையும் ஒன்றோடொன்று கட்டின. 2016இல் தோன்றிய சிவசேனை போன்ற அமைப்புகள் மதமாற்றத்தைப் பேரச்சமாகக் காட்ட அது வழிவிட்டது. 2012 குடிசன மதிப்பீட்டின்படி இலங்கையில் கத்தோலிக்கர் 6.2 வீதம், ஏனைய கிறிஸ்தவர் 1.4 வீதம். இவ்வளவு சிறிய சமூகம் அச்சமூட்டுவதாகப் பார்க்கப்படுகிறது என்றால், எண்ணிக்கைக்கு அப்பால் பழைய நினைவு ஒன்று அங்கே வேலை செய்கிறது: கூரையில் செருகிய வாழையிலையின் நினைவு.

2011இல் வத்திக்கானின் பல்சமய உரையாடல் அவையும் உலகத் திருச்சபைகள் மன்றமும் உலக இவாஞ்சலிக்கல் கூட்டமைப்பும் சேர்ந்து, பல சமயச் சூழலில் சாட்சி பகர்வது பற்றி ஓர் ஆவணம் வெளியிட்டன. நற்செய்தி சொல்வது ஒவ்வொரு கிறிஸ்தவரின் கடமை என்று அது கூறுகிறது. வறுமையையும் நோயையும் பயன்படுத்தி ஆள் சேர்ப்பதை அதே உறுதியோடு நிராகரிக்கிறது. மூன்று பெரும் பிரிவுகளும் ஒரே தாளில் கையெழுத்திட்டது சிறிய காரியமில்லை. ஆனாலும் நம் ஊர்ச் சபைகளில் அது போதிய அளவு பேசப்படவில்லை. அதைத் தமிழில் மறைக்கல்வி வகுப்புக்கும் இளையோர் கூட்டத்துக்கும் கொண்டுபோவது கடினமான வேலையும் இல்லை.

இன்றைய தீவகத்தில் தேவை தெளிவாகத் தெரிகிறது. இளையவர் பலர் கனடாவிலும் பிரான்சிலும் சுவிஸிலும் இருக்கிறார்கள். ஊரில் முதியவர்கள் தனியாக இருக்கிறார்கள். குறிகாட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்குப் படகில்தான் போக வேண்டும். கடல் குமுறும் நாட்களில் நோயாளிக்கு அந்தப் பயணமே பெரும் சோதனை. கச்சதீவு அந்தோனியார் திருவிழாவில் ஆண்டுதோறும் தமிழ்நாட்டு மீனவரும் ஈழத்து மீனவரும் ஒரே பூசையில் நிற்கிறார்கள்; திருவிழா முடிந்ததும் இழுவைப்படகுகளும் அறுந்த வலைகளுமாக அதே கடலில் எதிரெதிரே நிற்கிறார்கள். இந்த இரண்டு கரைக்கும் இடையில் நியாயத்தோடு பேசுவதற்கு இரு நாட்டுக் கத்தோலிக்கரைவிட இயல்பான தகுதி உடையவர் யார்?

புலம்பெயர்ந்தோர் அனுப்பும் காசில் ஆலயங்கள் புதுக்கோலம் கொள்கின்றன. திருவிழாக்களுக்கு ஒலிபெருக்கியும் அலங்கார விளக்கும் குறைவில்லாமல் வருகின்றன. அந்தப் பணத்தில் ஒரு பங்கை நெடுந்தீவிலும் அனலைதீவிலும் எழுவைதீவிலும் தங்கி வேலை செய்ய முன்வரும் தாதிக்கும் ஆசிரியைக்கும் ஒதுக்கலாம். முதியோர் வீடுகளைச் சுற்றிவர ஒரு மோட்டார் சைக்கிளும், மருந்து வாங்க ஒரு சிறு நிதியும் போதும். அவர்கள் போகும் வீட்டுக்காரர் சைவரா, கத்தோலிக்கரா, மெதடிஸ்தரா என்று கேட்க வேண்டியதில்லை. தங்களை ஏன் இங்கே அனுப்பினார்கள் என்று அந்த வீட்டு அம்மா கேட்டால், அதை மறைக்கவும் வேண்டியதில்லை. இப்படி ஊரோடு ஒட்டியிருக்கக்கூடிய அண்ணாவிமாரையும் இம்முறை பெண்களையும் சேர்த்துப் பயிற்றுவதற்குக் குருமடம் தேவையில்லை. ஒவ்வொரு பங்கிலும் சனிக்கிழமை பின்னேரம் திறந்திருக்கும் ஓர் அறை போதும்.